நாலு உத்தரப் பாலம்

கட்டுமானப் படைப்பிரிவு என்பது போருக்கு முதலில் போய்க் கடைசியில் திரும்பும் கூட்டம். எங்கள் பிரிவில் துப்பாக்கி பன்னிரண்டு, மண்வெட்டி நானூறு. ஐந்து மாதத்தில் பதினொரு பாலம், இரண்டு விமான ஓடுதளம், எண்ணிக்கை தவறிப்போன அளவுக்குக் கழிவறைகள் கட்டியிருந்தோம். படையின் தினசரி அறிக்கையில் மட்டும் "படை ஆற்றைக் கடந்தது" என்றுதான் வரும். எப்படிக் கடந்தது என்பது படிப்பவர் இஷ்டம். நீந்தியிருக்கலாம், பறந்தும் இருக்கலாம்.

மாலை வகுப்பில் நில அளவை படிக்கிறேன் என்று படையில் சேரும் மனுவில் எழுதிய குற்றத்துக்காக எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பாலமும் எத்தனை டன் தாங்கும் என்று கணக்கிட்டு, பலகையில் எழுதி, முகப்பில் நட வேண்டும். எங்கள் மேஸ்திரி என் அக்காவின் கணவர். அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். "மாமாவைப் பத்திரமா பாத்துக்கோ" என்று எனக்கு வாரம் ஒரு கடிதம் வரும். அதே வாரம் "தம்பியைப் பத்திரமா பாத்துக்கங்க" என்று அவருக்கும் வரும்.

பன்னிரண்டாவது பாலம் மரப்பாலம். அக்கரையில் எங்கள் காலாட்படை மூன்று நாள் உணவோடு காத்திருந்தது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஆறு உத்தரம் போட்டோம். கணக்கு எட்டு டன் என்று வந்தது, பலகையும் எழுதினேன். அன்று மாலையே, பாலத்தைத் திறந்துவைக்கத் தளபதி வருகிறார், மேடை வேண்டும் என்று உத்தரவு வந்தது. தளபதி குள்ளம் என்று அதில் யாரும் எழுதவில்லை. மேடை நாலரை அடி உயரம் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

மேடைக்கு மரம் இல்லை. எங்கள் கேப்டனை நாங்கள் முத்திரை என்போம். எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை குத்துவார். "நடுவுல இருக்கிற ரெண்டு உத்தரத்தை உருவிக்கங்க" என்று அவரே எழுதி, அதற்கும் குத்திவிட்டார். மாமா தலையில் அடித்துக்கொண்டு உருவிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மறுபடி கணக்கிட்டேன். ஐந்து டன். நான் கணக்கில் கோட்டை விடுகிறவன் என்பதால் நாலு முறை போட்டேன். நாலு முறையும் ஐந்துதான். அக்கரைக்கு உணவு ஏற்றிக்கொண்டு கரையில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றும் ஏழு டன்.

பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்தார். "என்னப்பா பண்ற?"

"அஞ்சுனு மாத்தறேன் சார்."

"நேத்து எட்டுனு எழுதின?"

"நேத்து ஆறு உத்தரம் இருந்துச்சு சார்."

"அஞ்சு டன் பாலத்தைத் திறக்கவா தளபதி இவ்வளவு தூரம் வர்றாரு? எட்டுனே எழுது."

எழுதினேன். நேராக மாமாவிடம் ஓடினேன்.

பலகையை எந்த லாரிக்காரரும் நம்புவதில்லை. பாலத்தில் கடைசியாகக் கை வைத்தவர் யாரோ, அவர் முதல் லாரி போகும்போது அடியில் நிற்க வேண்டும். நின்றால்தான் வண்டியை எடுப்பார்கள். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அவர்கள் மதித்த ஒரே சட்டம் இதுதான். பதினொரு பாலத்துக்கும் மாமாதான் நின்றிருந்தார்.

"நிக்காதீங்க மாமா. அஞ்சுதான் தாங்கும்."

"நிக்கலைனா உத்தரவை மீறினேன்னு உள்ள தூக்கிப் போடுவான். நின்னா மேல இருக்கறது தலையில விழும். உங்க அக்கா எதுக்குடா அதிகமாத் திட்டுவா, மச்சான்?"

"மாமா, விளையாடாதீங்க."

அதற்குள் கேப்டன் புகைப்படக்காரரோடு வந்துவிட்டார். "மேஸ்திரி, இறங்கு. தளபதி வர்றதுக்குள்ள ஒரு லாரியை ஓட்டிப் பாத்துடுவோம்."

மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டு, லாரிக்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "நான் கட்டுனது ஆறு உத்தரப் பாலம் சார். அதுக்கு அடியில பாய் போட்டுத் தூங்கவும் தயார். இது நாலு உத்தரப் பாலம். உருவச் சொல்லி எழுதி, கடைசியாக் கை வச்சது நீங்க. இறங்குங்க சார், சேறு வழுக்கும், மெதுவா."

முதல் லாரிக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்னால் ஒவ்வொரு லாரியாக ஓய்ந்தது.

"யாரு சொன்னா இது தாங்காதுன்னு?" என்று கத்தினார் கேப்டன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் தூரிகை இருந்தது, ஒளித்துவைக்க இடமில்லை. "நான்தான் சார். அஞ்சு டன்தான் வருது. நாலு தடவை போட்டேன். தப்பாவும் இருக்கலாம் சார், நான் அடிக்கடி தப்பு பண்ணுவேன். தப்பா இருந்தா நீங்க தாராளமா அடியில நிக்கலாம்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். லாரிக்காரர்கள் சிரித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது.

கேப்டன் கரை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். பதினொரு பாலங்கள் திறந்துவைத்தவர், ஒரு பாலத்தின் அடிப்பக்கத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், "மேடையைப் பிரிங்க" என்றார்.

தளபதி வந்தபோது மேடை கால் இல்லாமல் கிடந்தது. கவிழ்த்த தார் டிரம் மேல் ஏறிப் பேசினார். உத்தரங்களைத் திரும்பச் செருகி, பாலத்தின் மேல்பலகைகளை ஆணி அறைந்து முடிக்கும்வரை பேசினார். அந்த வகையில் உபகாரமான பேச்சு. பிறகு மாமா இறங்கி நின்றார். முதல் லாரி போனது. மரம் முனகியது, தூசி கொட்டியது. ஏழாவது லாரியும் போன பிறகு, மாவுமூட்டையில் விழுந்து எழுந்தவர் மாதிரி மேலே வந்தார்.

மூன்றாம் வாரம் கேப்டனுக்குப் பாராட்டுப் பதக்கம் வந்தது. தளபதியின் மேடைக்கென வைத்திருந்த மரத்தைக்கூடத் தயங்காமல் பாலத்துக்கு அளித்த சமயோசிதத்துக்காக. அந்தத் தாளைப் படியெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலை எனக்குத்தான் வந்தது.

மாமா பக்கத்தில் நின்று முழுதும் படித்தார்.

"மச்சான், அந்தப் பதக்கம் எத்தனை டன் தாங்கும்னு கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பதின்மூன்றாவது பாலத்துக்குப் போனார்.