ஒருவருக்கான பன்றிக்கறி

1

இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. வார இதழின் ஆசிரியர் கேட்டது ஒரு சமையல் குறிப்பு: குளிர்காலம், பன்றிக்கறி, மலிவு, அரை மணி நேரம், நான்கு பேருக்கு. நான் 'ஒருவருக்கு' என்று எழுதி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்னங்க இது, ஒருத்தருக்காக யாராவது கறி சமைப்பாங்களா? குடும்பமா வைங்க."

"சமைப்பாங்க சார். எனக்குத் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா."

அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது. சொல்லித் தொலைத்தாயிற்று, இனி அவளை உண்டாக்கியாக வேண்டும்.

2

குளிர்கால மாலையொன்றில், தனிமை அவளைப் போர்வையாய்ப்—

(அடித்துவிட்டேன். தனியாக இருப்பவள் என்றாலே போர்வை, ஜன்னல், கண்ணீர். எனக்கே எரிச்சலாக இருக்கிறது.)

மறுபடி. அவள் ஒரு சலவைக்கூடத்தில் விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். ஆறு வருடம் குடித்தனம் நடத்திய வீட்டிலிருந்து நான்கு மாதம் முன்பு ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள்.

(ஏன் வந்தாள்? அடித்தானா, குடித்தானா? ஆசிரியர் கேட்பார். இரண்டும் இல்லை. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட 'நீ சாப்பிட்டியா' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இது போதாது என்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.)

3

வேலை முடிந்து வரும் வழியில் கால் கிலோ தோள்பட்டைக் கறி வாங்குகிறாள். அதுதான் விலை குறைவு. அரை முட்டைக்கோஸ், இரண்டு கேரட், ஒரு நூல்கோல். இந்தக் குளிரில் சந்தையில் கொட்டிக் கிடப்பவை. கறியை மெல்லிசாக அரிந்து, கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி சட்டியில் பரப்பிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.* எண்ணெயே வேண்டாம், கறி தன் கொழுப்பிலேயே பொரிகிறது. முறுகியதும் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய கொழுப்பில் பூண்டு, காய்கள், உப்பு, மிளகு. மூடி போட்டுப் பத்து நிமிடம்.

* சட்டி முதலிலேயே காய்ந்தால் கொழுப்பு உருகுவதற்குள் கறி கருகிவிடும். குறிப்பு தேடி வந்தவர்களுக்கு இதுவாவது மிஞ்சட்டும்.

திரும்பிப் பார்த்தால், கறி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முறுகலான நல்ல துண்டுகள் தட்டில், சவ்வும் நரம்பும் கிண்ணத்தில். அந்த வீட்டில் தட்டு புருஷனுக்கு, கிண்ணம் அவளுக்கு. இங்கே இருப்பது அவள் ஒருத்தி. அப்படியும் கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

4

அந்த நேரம் பார்த்து அண்ணன் கதவைத் தட்டுகிறான்.

(இவனைக் கெட்டவனாக எழுதத்தான் ஆசை. முடியவில்லை. நனைந்த காலணியைக் கழற்றி ஓரமாக வைக்கிறான். தங்கை என்றால் உயிர்.)

"பெட்டிய எடு. மாப்பிள்ளை வரச் சொல்லிட்டாரு. பழசப் பேச மாட்டாராம்."

"நான் வரலண்ணா."

அவன் கண் அடுப்புப் பக்கம் போகிறது. "பின்ன இது யாருக்கு? நல்ல கறியா பாத்து ஒதுக்கி வச்சிருக்க. வாய்தான் வரலங்குது, மனசு அங்கதான் இருக்கு."

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே பயம். ஆசிரியர் இதைப் பிடித்துக்கொள்வார்: அவள் அழுகிறாள், திரும்புகிறாள், நான்கு பேருக்குக் கறி தயார்.

முடியாது.

அவள் நின்றவாக்கில் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போடுகிறாள். பிறகு இன்னொன்று.

"அது மனசில்லண்ணா, பழக்கம். இப்பதான் ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டிருக்கேன்."

தட்டு காலியாகும்வரை தின்கிறாள். தங்கை நல்ல கறி தின்று அவன் பார்த்ததே இல்லை. அம்மா வீட்டில் அந்தத் தட்டு அவனுக்குத்தான் வந்தது.

5

கைவசம் இரண்டு முடிவுகள் உண்டு. அவன் காலணியை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறான். அல்லது, கிண்ணத்தில் இருப்பதைக் காய்களோடு சேர்த்து அவள் நீட்ட, தலை குனிந்து தின்கிறான்.

எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனை உங்களிடம் விட்டுவிட்டேன். அவள் போவாளா மாட்டாளா என்பதை மட்டும் உங்களிடமோ ஆசிரியரிடமோ நான் கேட்பதாக இல்லை. அவள் போகவில்லை.