பதினோராவது பெயர்

மலர்வளையத்தைக் கனயோ சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். அதன் உச்சியில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது அப்பாவின் முகத்துக்கு நேராக நிற்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். சவப்பெட்டியை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அப்பா ஷிகெரு, ஜப்பானின் ஒக்காயா ஊர் ஆலையில் முப்பத்துநாலு வருஷம் கேமரா லென்ஸ் செய்தவர். மடக்குக் கேமராவில் தொடங்கிய கம்பெனி அது. பிற்பாடு ஜெராக்ஸ் மெஷினும் செய்தது. கேமரா பேர் வாங்கிக் கொடுத்தது, ஜெராக்ஸ் சோறு போட்டது. பிலிம் கம்பெனி ஒன்றோடு சேர்ந்த இரண்டாம் வருஷம் கேமராவை அடியோடு விட்டார்கள். லென்ஸ் பிரிவில் நாற்பது பேர். பதினோரு பேருக்குத்தான் ஜெராக்ஸ் ஆலையில் இடம். மற்றவர்கள் 'தாமாக முன்வந்து' விலகிக்கொள்ள வேண்டும். அந்தப் பதினோரு பேரின் பட்டியலை எழுதும் வேலை, பிரிவுத் தலைவரான அப்பாவின் தலையில் விழுந்தது.

அந்தப் பட்டியலில் இல்லாத முகாய் இப்போது உள்ளே வந்தார். இருபது வருஷம் அப்பாவுக்குப் பக்கத்து மேசைக்காரர். அதன்பின் டாக்ஸி ஓட்டினார், வெந்நீர் ஊற்று விடுதியில் தொட்டி கழுவினார் என்று ஊரில் சொல்வார்கள். பெட்டியருகே வெகுநேரம் குனிந்து நின்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் இரங்கல் செய்தியை வாசித்தான். நகலெடுக்கும் துறையின் வளர்ச்சிக்கு அப்பா அரும்பாடு பட்டாராம். லென்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை. முகாய் மூக்கால் சிரித்தது கனயோவுக்குக் கேட்டது.

வாசலில் காலணி அடுக்கருகே முகாய் அவளைப் பிடித்தார்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு பதினெட்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன் கனயோ. இன்னிக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு தள்ளிட்டே வந்தேன். மனுஷன் போய்ச் சேந்துட்டார்."

"என்ன கேள்வி மாமா?"

"பத்துப் பேர் என்னவிடத் தொழில் தெரிஞ்சவங்க. ஒத்துக்கறேன். பதினோராவதா தன் பேரையே எழுதிக்கிட்டாரே, ஏன்? ஓய்வுக்கு மூணே வருஷம்தான் இருந்துது அவருக்கு. எனக்கு ரெண்டு பசங்க படிச்சிட்டிருந்தாங்க. அவருக்குத் தெரியாததா? வீட்ல ஏதாவது சொன்னாரா?"

கனயோவுக்குத் தெரியும். அந்த ஜனவரியில் அப்பா சமையலறை மேசையில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரியில் முகாயின் பெயர் இருந்தது. அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மாத்சுமோத்தோவில் பெரிய இடம். "கல்யாணம் வரைக்குமாவது வேலையில இருங்கப்பா. அவங்க முன்னாடி என்னால தலைகுனிய முடியாது," என்று சொன்னவள் அவள்தான். அப்பா ரப்பரை எடுத்து அந்தக் கடைசி வரியை அழித்தார். காகிதம் கிழியாமல், மெதுவாக.

அந்தக் கல்யாணம் நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. அப்பா மட்டும் மூன்று வருஷமும் ஜெராக்ஸ் ஆலையில் மெஷினுக்குள் சிக்கிய காகிதங்களை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் சொல்லல மாமா."

முகாய் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

உள்ளே வந்தவளிடம் அம்மா கேட்டாள்: "போயிட்டானா?"

"நிக்கறார்."

"அவர் படுத்துக் கெடந்த நாலு மாசமும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்காதவன்." அம்மா முட்டியைத் தடவிக்கொண்டாள். "எரிச்சப்புறம் எலும்பு எடுக்க நாம ரெண்டே பேர்தான். என் முட்டி நிக்காது. வேணும்னா வரச் சொல்லு."

சுடுகாட்டில் உலைக்குள்ளிருந்து எலும்புகள் கிடந்த தட்டை வெளியே இழுத்தபோது சூடு முகத்தில் அடித்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கனயோவும் முகாயும் எதிரெதிரே நின்றார்கள். ஊழியர் பாத எலும்பைக் காட்டினார். வழக்கப்படி ஒரே எலும்பை இருவரும் சேர்ந்து நீளக் குச்சிகளால் தூக்கி அஸ்திக் கலசத்தில் வைக்க வேண்டும்.

முகாய் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். கனயோவின் குச்சிகள் மறுமுனையைத் தொட்டு வழுக்கின. மறுபடி தொட்டு, மறுபடி வழுக்கின. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய குச்சிகள் எலும்பைப் பற்றியபடி, இம்மியும் அசையாமல், அவளுக்காகக் காத்திருந்தன.