நாலு நொடி மாமா

1

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு இந்தக் கதை கிடைத்தது. நாளிதழில் இந்திப் பட நகைச்சுவை நடிகர் ஒருவரின் படம். அவர் தோள்மேல் யாருடையதோ கை. கைக்கு உரியவரைப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். கையை வெட்ட முடியவில்லை.

இனி வருகிற நடிகர் அவரல்லர். இவரை நான் உண்டாக்கினேன். நாற்பது வருடம் இந்திப் படங்களில் துணைவேடம். வக்கீல், திருடன், மாமனார், இரண்டு முறை பிணம். பிணமாகவும் சிரிக்கவைத்தவர்.

2

முதலில் எழுதியது: "அவர் கண்ணாடி முன் நின்று அழுதா—"

(அடித்துவிட்டேன். சிரிப்பு நடிகரை அழவைப்பது அரைத்த மாவு.)

மறுபடியும். எடிட்டிங் அறை. நாளை அவருக்குப் பாராட்டு விழா. மேடையில் ஓட்ட மூன்று நிமிடப் படம் வேண்டும். எடிட்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பக்கத்தில் நடிகரின் மகள்.

"அப்பா மட்டும் இருக்கற ஒரு ஷாட் போதும்கா."

"இருந்தா தரமாட்டேனா? உங்கப்பா நிக்கற இடத்துலெல்லாம் ஒரு ஹீரோவோட தோள் நிக்குது."

"ஸ்கூல்ல, 'இதுல யாரு உங்கப்பா'ன்னு கேப்பாங்க. 'ஹீரோ பின்னாடி நிக்கறவர்'னு சொல்லிச் சொல்லியே வளந்தேன். நாளைக்கு ஒரு தடவை தனியா நிக்கட்டும்கா."

(இவர்கள் இந்தியில்தான் பேசியிருப்பார்கள். என் காதுக்குத் தமிழ்தான் வரும்.)

3

எடிட்டர் தேர்ந்தெடுத்த காட்சி இது. கதாநாயகன் தன் சமையல்காரரைக் காட்டி, "இவர்தான் என் கோடீஸ்வர மாமா" என்று புளுகுகிறான். சமையல்காரர் நம்மவர். திரும்பி அவனைப் பார்க்கிறார். திகைக்கிறார். பிறகு மெல்ல முகவாய் உயர்கிறது, முதுகு நிமிர்கிறது. மாமா வந்துவிட்டார். எல்லாம் நாலு நொடி.

எடிட்டர் காட்சியைப் பெரிதாக்கிக் கதாநாயகனை வெளியே தள்ளினார். அவன் குரலையும் எடுத்தார். மிஞ்சியது, யாருமில்லாத பக்கத்தைப் பார்த்துத் திகைத்து, காரணமில்லாமல் நிமிர்கிற ஒருவர்.

மகளுக்குக் கண் நிறைந்தது. "இதான்கா. ராஜா மாதிரி."

(இங்கே எனக்கு நடிகர்மேல் சந்தேகம். ஓரத்திலேயே நின்றவருக்கு நடுவில் நிற்க ஆசை இருக்காதா? இருக்கும். இருந்தாலும் அவர்— இல்லை, அவரே வரட்டும்.)

4

வந்தார். வெட்டிய காட்சியை நின்றபடியே பார்த்தார்.

"அந்தத் தம்பி எங்கம்மா?"

"எந்தத் தம்பிப்பா?"

"புளுகினவன். அவன் சொன்னதாலதானே நான் மாமா ஆனேன்? இப்பப் பாரு, பஸ்ஸ விட்டவன் மாதிரி நிக்கறேன்."

எடிட்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை.

"நாப்பது வருஷம் அடுத்தவனுக்காக நின்னீங்க. ஒரு நாள் உங்களுக்காக நில்லுங்களேன்ப்பா."

"அடுத்தவனுக்காகன்னு யாரு சொன்னா? அவன் இல்லாம நான் யாரைப் பாத்துத் திகைக்கறது, சுவத்தையா?"

"மேடையில உங்க பேரைத்தான் கூப்பிடுவாங்க. அவர் பேரை இல்ல."

அவர் நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகள் விட்டுக்கொடுக்கிறாள். மற்றதில் அப்பா. இரண்டிலும் ஒருவர் தோற்றால்தான் மற்றவருக்கு விழா. இரண்டையும் கிழித்துவிட்டேன், விரும்பியதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

எடிட்டர் காட்சியை இரண்டு விதமாகவும் ஓட்டினார். முதலில் கதாநாயகனோடு, பிறகு இல்லாமல். நடிகர் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு முறையும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லு பாப்பா. எதுல உனக்குச் சிரிப்பு வந்துச்சு?"