கொங்காடை போட்ட படம்

நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஈவ்லின் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் ஒரு ரோஜாப்பூ உண்டு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பூ. சுற்றுவட்டாரத்தில் காது குத்தினாலும் அந்த ரோஜாதான், கல்யாணம் என்றாலும் அந்த ரோஜாதான். யாராவது கண்ணை மூடிவிட்டால் அதையே கறுப்பு வெள்ளையாக்கி அஞ்சலி நோட்டீஸின் மூலையில் வைத்துவிடுவாள். பதினெட்டு வருஷமாக வாடாத பூ. யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படம் வைப்பது என்றால் இவ்வளவுதான் என்று அவளும் நிம்மதியாக இருந்தாள், ஒரு வியாழக்கிழமை காலை மலர் வந்து முக்காலியில் உட்காரும் வரை.

மலர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். அவளுடைய அம்மா ஆரோக்கியசெல்வியும் அங்கேயே நாற்பது வருஷம் பழம் பறித்து, போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் நினைவு அட்டை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஜெபம், மறு பக்கம் இறந்தவரின் படமும் பெயரும் தேதியும். வாங்கியவர்கள் அதை ஜெபப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்வார்கள். செத்தவர்கள் அப்படித்தான் வருஷக்கணக்கில் கோயிலுக்கு வந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

“படம் எங்க மலரு?” என்றாள் ஈவ்லின்.

மலர் அம்மாவின் ஆதார் அட்டை நகலை நீட்டினாள். அதில் யாரோ ஒரு அம்மாள் போலீஸைக் கண்டதுபோல விழித்துக்கொண்டிருந்தாள். ஈவ்லின் அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். பெரிதாக்கியதும் பயம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

“இது வேண்டாமுங்கக்கா. போன்ல நாலஞ்சு போட்டோ வெச்சிருந்தேன். போனு கெணத்துல உழுந்துருச்சு. இப்ப இது ஒண்ணுதான்.”

“அப்ப இதையே வெச்சுக்கலாமே?”

மலர் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். “ஒரு வருசமாச்சுங்க. அம்மாவ நெனச்சா இப்பெல்லாம் இந்த மூஞ்சிதானுங்க வருது. நெசமான மூஞ்சி வரமாட்டேங்குது. அட்டையிலயும் இதையே போட்டா அப்புறம் சாகற வரைக்கும் இதுதான். உங்க கம்ப்யூட்டர்ல படமெல்லாம் இருக்குமாமே, அதுல எங்கம்மாவாட்டம் ஒண்ணு தேடிக் குடுங்க.”

ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்தது. மலரின் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

இன்டர்நெட்டில் தேடலாம் என்றால், காலையில்தான் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கேபிளின் மேல் விழுந்திருந்தது. லைன் எப்போது வரும் என்று ஆண்டவருக்கே வெளிச்சம். மிச்சம் இருந்தது பழைய கிளிப்ஆர்ட் கூடை, யார் யாரோ ரெடிமேடாக வரைந்து வைத்த படங்கள். சேலத்தில் டிடிபி படித்தபோது ஒரு சிடியில் கிடைத்தது. இருபத்தைந்தாயிரம் படம், எதற்கும் பெயர் கிடையாது, வெறும் நம்பர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டியதுதான். மலர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கூப்பிய கைகள் வந்தன. “அம்மா கை இத்தன வெள்ளையா இருக்காதுங்க.” புறா வந்தது. “எதுக்குங்க?” ரோஜாவைக் காட்டிப் பார்த்தாள் ஈவ்லின், பழக்க தோஷம். “எங்கம்மா பூ வெச்சு நான் பாத்ததே இல்லீங்க.” காப்பி என்றால் ஆவி பறக்கிற கோப்பையாக வந்ததே தவிர, செடி வரவில்லை. கூடை தூக்கிய பெண் ஒருத்தி வந்தாள், தொப்பியும் கவுனுமாக. இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே இரண்டு பஸ் வந்து போயிற்று.

“நிறுத்துங்க!” என்றாள் மலர்.

திரையில் ஒரு உருவம். தலையிலிருந்து முதுகுவரை கறுப்பாக மூடிய முக்காடு. உள்ளே முகம் தெரியாமல் ஒரே இருட்டு. கையில் ஆளைவிட உயரமான கோல், கோலின் நுனியில் வளைந்த கத்தி.

“அம்மாதானுங்கக்கா! கொங்காடை போட்டு, தொரட்டியப் புடிச்சுட்டு நிக்குது பாருங்க!”

ஈவ்லினும் பார்த்தாள். சத்தியமாக ஆரோக்கியசெல்விதான். மழை பிடித்தால் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வாளே, அதே கொங்காடை. வேலை விட்டுப் போகும்போது ஆட்டுக்குத் தழை அறுக்கத் தோளில் சாய்த்துக்கொள்வாளே, அதே தொரட்டி. எந்தப் புண்ணியவான் எந்த ஊரில் உட்கார்ந்து வரைந்தானோ என்று இருவரும் அதிசயப்பட்டார்கள். மலர் திரையைத் தொடப்போய், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள்.

“சனிக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கறேனுங்க. நூறு அட்டை போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது நடையே மாறியிருந்தது.

அன்று பிற்பகல் ஈவ்லின் அட்டையை வடிவமைக்க உட்கார்ந்தாள். படத்தை வைத்தால் எழுத்து கீழே ஓடிற்று. எழுத்தை இழுத்தால் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவிற்று. வேர்டில் படம் வைத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இதே ஆள் கொஞ்சம் சின்னதாகக் கிடைத்தால் தேவலை என்று கூடையில் அடுத்தடுத்த நம்பர்களைத் திறந்தாள்.

பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு பூசணிக்காய் வந்தது. அடுத்தது வௌவால். அடுத்தது எலும்புக்கூடு. அதற்கடுத்து அதே முக்காடு, அதே கோல். இந்த முறை வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்டையோடு.

லைன் வந்ததும் முதல் வேலையாகப் படத்தைப் போட்டுத் தேடினாள். அது வெள்ளைக்காரன் ஊர் எமன். உயிரை அறுவடை செய்ய வருகிறவனாம். கையில் இருந்தது புல் அறுக்கும் அரிவாளாம்.

ஈவ்லின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். பெரியவர்களுக்குத் தெரியாது. ஆனால் கோயிலுக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இவனைத் தெரிந்திருக்கும். வாசலிலேயே சிரிப்பார்கள். சாயங்காலத்துக்குள் அட்டை வாட்ஸ்அப்பில் ஏற்காடு டவுன்வரை போய்விடும். ஊரே எமனை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஆரோக்கியசெல்வியின் ஆன்மா இளைப்பாற மன்றாடும். சரி, மலரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவளுக்குக் கிடைத்த அம்மாவைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வதாகும். மிச்சம் அந்த ஆதார் முகம்தான். இரண்டில் எதைச் செய்தாலும் பாவம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும், வெளியே ‘ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர்’ என்று எழுதித் தொங்கவிட்டாள். பழைய கிளிப்ஆர்ட்டில் ஒரு சௌகரியம் உண்டு. துண்டு துண்டாக வரைந்து சேர்த்துக் கட்டிய படம் அது. கட்டை அவிழ்த்துவிட்டால் தலை தனி, கை தனி, துணி தனி. டிடிபி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை. ரோஜாவை யார் அவிழ்ப்பார்கள்? இப்போது எமனை அவிழ்த்தாள். பதினேழு துண்டாகச் சிதறினான்.

கறுப்பு முக்காட்டுக்குச் சாக்கின் நிறம் கொடுத்தாள். அரிவாளை இழுத்து இழுத்துத் தொரட்டி அளவுக்குச் சுருக்கி, கோலைத் தோளில் சாய்த்தாள். தரையைக் கூட்டிக்கொண்டு போன அங்கியை முழங்காலுக்கு ஏற்றிவிட்டாள். ஏற்றியதும்தான் தெரிந்தது, அவனுக்குக் கால் கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்கும் ஒருத்தியின் படத்தை அவிழ்த்து அவளுடைய சேலைக் கரையையும் இரண்டு பாதங்களையும் கடன் வாங்கினாள். அவள் செருப்பில்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

முகம் மட்டும் மசியவில்லை. அந்தக் குடக்காரியின் முகத்தை வைத்தால் யாரோ நடிகைக்குச் சாக்கு மாட்டியதுபோல இருந்தது. கண்ணும் மூக்கும் தானே வரைந்து பார்த்தாள், வாய்விட்டுச் சொல்ல முடியாத கோரம். வெறுமனே விட்டாலோ பழைய இருட்டு எட்டிப் பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, வேறு வழியில்லாமல், அந்த முகக்குழியையும் சாக்கு நிறத்தாலேயே மூடினாள். மடிப்புக்கு நடுவே ஒரு கோடு இழுத்தாள். உருவம் திரும்பிக்கொண்டது; பாதங்களின் விரல்களையும் அழித்துக் குதிகாலாக்கினாள். இப்போது அது முதுகைக் காட்டிக்கொண்டு, தோளில் தொரட்டியுடன் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மலர் வந்தபோது ஈவ்லின் ஒரு மாதிரி அட்டை மட்டும் அச்சடித்து வைத்திருந்தாள். பிரிண்டர்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய், அவளைக் கண்டதும் மறந்துபோயிற்று.

மலர் அட்டையை வாங்கிப் பார்த்தாள். “திருப்பி வெச்சுட்டீங்களாக்கா?”

“மலரு, கோவிச்சுக்காத. அன்னைக்குப் பாத்தது உங்கம்மா இல்ல. அது வெளிநாட்டுக்காரங்க போடற எமன் படம். எனக்கும் தெரியாமப் போச்சு. அவனைத்தான் பிரிச்சு மேஞ்சு இப்படிப் பண்ணிருக்கேன். மூஞ்சி மட்டும் எனக்கு வரலை. எவ்வளவோ பாத்துட்டேன், வரலை.” சொல்லி முடிப்பதற்குள் ஈவ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

மலர் அட்டையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அட்டை நனையாமல் நெஞ்சருகே பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

“ஏனுங்கக்கா, எஸ்டேட்டுல இருந்து எங்க ஊட்டுக்கு ஒத்தயடித் தடந்தானுங்க. ரெண்டு பேரு சேந்தாப்புல நடக்க முடியாது. அம்மா முன்னால போகும், நான் பின்னால போவேன். சின்னப் புள்ளையில இருந்து அப்படித்தான். திரும்பியே பாக்காது, ஆனா பேசிட்டே போகும்.” அவள் அட்டையில் அந்த முதுகை விரலால் தொட்டாள். “மூஞ்சிய விட இதத்தானுங்க நான் நொம்பப் பாத்திருக்கேன். இப்ப அது பேசறதே கேக்குதுங்க.”

ஈவ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். “அப்ப நூறும் அடிச்சுரட்டுமா?”

“ஒண்ணே ஒண்ணுங்கக்கா. காலுக்குக் கீழயே பேரு வந்து இடிக்குது. படத்த மேல தள்ளி, பேர நல்லாக் கீழ எறக்குங்க.”

“நடுவுல என்ன வெக்கட்டும்? பூ, கொடி ஏதாச்சும்?”

“ஒண்ணும் வேண்டாமுங்க. நான் அங்கதான் நடந்து வருவேன்.”

ஈவ்லின் படத்தை மேலே தள்ளினாள். என்ன அதிசயமோ, அன்றைக்கு எழுத்து எங்கும் ஓடவில்லை, படமும் தாவவில்லை. அம்மாவின் பாதங்களுக்கும் அவள் பெயருக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெள்ளை விட்டு, நூறு அட்டைகளையும் அச்சடித்துக் கொடுத்தாள்.