நாற்பத்தொரு கையெழுத்து

பாலர் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் மனுக்களை எல்லாம் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். அரசு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் ஒரு மூலையில் மேசையும் கம்ப்யூட்டரும் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட வரும் அம்மாக்களுக்கு அவள் டைப்பிங் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் மகள் சிட்டுவுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. சொல்வது புரியும், பதில்தான் வராது. சாப்பாடு ஊட்ட வேண்டும், கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள்.

பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஒரு டீச்சர், ஒரு ஆயா. இன்னொரு ஆயா வேண்டும் என்று சங்கம் இரண்டு மனு கொடுத்தும் மேலிடம் மூச்சு விடவில்லை. மூன்றாவது மனுவை அடிக்கும்போது சங்கத் தலைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலைவி மருந்துக்கடை நடத்துபவள், எதையும் அளந்துதான் பேசுவாள்.

"அக்கா, வெறும் பேப்பரப் பாத்து யாரும் இரங்க மாட்டாங்க. சிட்டுவக் கூட்டிட்டு வாங்க. அதிகாரி கண்ணால பாக்கட்டும்."

அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் மகளுக்கு நல்ல கவுன் போட்டு, தலை வாரிக் கூட்டிப் போனாள்.

அதிகாரி சிட்டுவிடம் பேர் கேட்டார். சிட்டு அவர் சட்டைப் பொத்தானையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த போன் அலறியது. சிட்டு காதைப் பொத்திக்கொண்டு அதிகாரியின் காலடியில் போய்ச் சுருண்டாள். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். மகளைத் தூக்கப் பாய்ந்தவளின் முந்தானையைத் தலைவி பிடித்து நிறுத்தினாள்.

"இருங்கக்கா," என்றாள் காதோடு. "சார் நல்லாப் பாக்கட்டும்."

அந்த மாதமே இரண்டாவது ஆயா வந்துவிட்டாள். கூட்டத்தில் தலைவி, "இது நம்ம சிட்டு வாங்கிக் குடுத்த ஆயா," என்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். டைப்பிங் அக்காவும் தட்டினாள்.

புது ஆயாவுக்குச் சிட்டு மேல் உயிர். மூன்று மாதத்தில் சிட்டு தானாகவே ஸ்பூனைப் பிடிக்கத் தொடங்கினாள். பாதி சிந்தும், பாதி வாய்க்குப் போகும். அதைப் பார்த்த நாள் டைப்பிங் அக்கா கடைக்கு வந்து, யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தத்தை அடித்துக்கொண்டே சிரித்தாள்.

அதற்குள் மற்ற வீடுகளில் முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. புது ஆயா ஒரே பிள்ளையைத்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாள். ஒருத்தியின் மகள் அரைமணி நேரம் ஈர ஜட்டியோடு நின்றிருக்கிறாள். இன்னொருத்தியின் மகன் சிட்டுவைப் பார்த்து மேசைக்கடியில் புகப் பழகிவிட்டான். இதற்கென்று நடந்த கூட்டத்துக்கு டைப்பிங் அக்காவுக்கு மட்டும் சொல்லி அனுப்பவில்லை.

ஒரு பகல் தலைவி கடைக்கு வந்தாள். கையால் எழுதிய ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. சிட்டுவை இந்தப் பள்ளியிலிருந்து நீக்கி, 'அவளுக்குத் தகுந்த வேறு இடத்துக்கு' மாற்ற வேண்டும்.

"இத எங்கிட்டயா கொண்டு வந்தீங்க?"

"வேற யார் அடிப்பாங்கக்கா? எதுத்த கடையில குடுத்தா அவன் கன்னாபின்னான்னு அடிச்சு வப்பான். நீங்கன்னா பதமா அடிப்பீங்க. உங்க பிள்ளதானே."

அவள் அடித்தாள். ஏழு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினாள். 'இக்குழந்தையால் பிறருக்குத் தொல்லை' என்ற இடத்தில் 'சிரமம்' என்று மாற்றிப் பார்த்தாள். தலைவி தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் படித்தாள். "தொல்லைன்னே இருக்கட்டும். மனுவுல வார்த்த உறைக்கணும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

மாற்றினாள்.

கையெழுத்துத் தாள்கள் முன்கூட்டியே தயாராக இருந்தன. மனுவையும் தாள்களையும் மூன்று பிரதி எடுக்கச் சொன்னாள் தலைவி. வீட்டுக்கு ஒரு கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தது. ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடிமேல் வைக்கும்போது கடைசி எண் கண்ணில் பட்டது. நாற்பத்தொன்று. தன்னிடம் யாரும் வாங்கவில்லையே என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இருபத்தாறாவது அவள் புருஷனுடையது. கிழித்துப் போட்டிருக்கலாம். கிழித்தால் நாளைக் காலை பள்ளி வாசலில் நின்று மறுபடி வாங்கிவிடுவார்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"அன்னிக்குப் பிள்ளையக் கூட்டப் போனப்ப ஸ்கூல் வாசல்ல எல்லாரும் நின்னு பாக்குறாங்க," என்றான். "நான் மட்டும் எப்படிப் போடாம வர்றது?"

"என்னன்னு படிச்சீங்களா?"

"படிக்க ஒண்ணும் இல்ல. வெறும் கோடு போட்ட தாளு."

"எதுக்குன்னு தெரியுமா?"

அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தெரியும்."

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. பள்ளிக்கு மட்டும்தான் வந்தது, வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல மகளைக் கூட்டிப் போனாள். கேட்டில் புது ஆயா நின்றிருந்தாள், கையில் பூட்டு. அவளுடையது தற்காலிக வேலை.

"இன்னிக்கு லீவு பாப்பா," என்றாள் சிட்டுவிடம். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டைக் கொஞ்சம் திறந்த ஆயாவின் இடுப்பை உரசிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் உள்ளே ஓடின, உடனே சாத்திவிட்டாள். சிட்டு அவர்களைப் பார்த்தாள், ஆயாவைப் பார்த்தாள். பிறகு கம்பி இடுக்கில் கையை விட்டு ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். ஆயா ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சிட்டு மறுபடி பிடித்தாள்.

"எங்க போயிப் படிக்கணும்னு ஏதாவது எழுதியிருக்கா?" என்று டைப்பிங் அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கூட்டிட்டுப் போயிடுங்க. டீச்சர் பாத்தா எனக்குத்தான் திட்டு."

பின்னால் பிள்ளைகளோடு நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைவியும் அதில் இருந்தாள், மகளின் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"கொஞ்சம் ஓரமா நின்னு பேசுங்கக்கா," என்றாள். "பிரேயருக்கு மணி அடிச்சிருவாங்க."