இருபது நிமிடம் காய வேண்டும்

வருஷத்தின் கடைசி நாளான பித்தூன் அன்று எங்கள் உலான்பாத்தரில் யாருக்கும் பொறுமை என்ற ஒன்று இருக்காது. மறுநாள் வெள்ளை மாதம், எங்கள் மங்கோலியப் புது வருஷம், பிறக்கிறது. வீட்டை மூலை மூலையாகத் துடைக்க வேண்டும். பிடித்து உறைய வைத்திருக்கும் ஆயிரம் பூஸ் கொழுக்கட்டைகளில் நாளைக்கு எத்தனை அவிப்பது என்று முடிவு பண்ண வேண்டும். அன்றிரவு வீடு வீடாக வரும் லாமோ தேவியின் கோவேறு கழுதை குடிக்க வாசல் மேலே மூன்று துண்டு பனிக்கட்டி வைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அவரவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் காரையும் கழுவியாக வேண்டும். புது வருஷத்துக்குள் அழுக்குக் காரோடு நுழைந்தவனைச் சொந்தக்காரர்கள் அடுத்த வருஷம் வரைக்கும் சும்மா விடமாட்டார்கள்.

அதனால் அன்றைக்கு நான் வேலை பார்க்கும் கார் கழுவும் கொட்டகை வாசலில் காலையிலிருந்தே வரிசை. வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தார்கள்.

"அக்கா, மேலாக் கொஞ்சம் தண்ணி விட்டாப் போதும். காய வைக்கறதெல்லாம் நான் வீட்ல போய்ப் பாத்துக்கறேன்" என்றான் ஒருவன்.

"வீட்ல காய வைப்பியா? உன் வீட்டு முற்றத்துல மட்டும் ஜூலை மாசமோ?" என்றேன். "உள்ள வந்தா என் பேச்சைக் கேக்கணும். இல்லன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே இரு."

என் பேச்சு என்பது இதுதான். கழுவி முடித்த கார், கதவுகளெல்லாம் திறந்தபடி, கொட்டகையின் அடுப்புப் பக்கம் இருபது நிமிடம் நிற்க வேண்டும். அவசரம், ஆஸ்பத்திரி, அமைச்சர் வீட்டு வண்டி என்று எது சொன்னாலும் இருபது நிமிடம்தான். என்னோடு வேலை பார்க்கும் பால்தன் அண்ணன் இதற்கு என் பேரையே சேர்த்துத் 'துல்மா சட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார். நாடாளுமன்றச் சட்டத்தைக்கூட வளைத்துவிடலாம், இதை வளைக்க முடியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், எனக்கென்ன.

மதியம் இரண்டு மணி இருக்கும். பால்தன் அண்ணன் கதவைத் தூக்க, ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார் உள்ளே வந்தது. இடது கதவில் இருந்த நசுங்கலைப் பார்த்ததுமே யார் வண்டி என்று தெரிந்துவிட்டது. யாஞ்சின் இறங்கினாள். என் கூடப்பிறந்த ஒரே தங்கை. நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது. சரியாகச் சொன்னால், நான் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

"கார் கழுவணும் அக்கா" என்று சாவியை நீட்டினாள்.

நான் அவள் பக்கமே திரும்பவில்லை. "அண்ணே, இந்த வண்டியை வெளிய எடுங்க."

"அதெப்படி எடுக்கறது? பதினொண்ணாம் நம்பர் சீட்டு. ஒன்றரை மணி நேரமா வரிசையில நின்ன பொண்ணு" என்றார் அவர். இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கதவையும் இறக்கிவிட்டார்.

"ஊர்ல வேற கடையே இல்லையா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"நிறைய இருக்கு. அங்கெல்லாம் அஞ்சு நிமிஷத்துல அனுப்பிடறாங்க. இங்கதான் காயற வரைக்கும் யாரையும் வெளிய அனுப்ப மாட்டாங்களாமே. அதான் வந்தேன்."

அடிப்பாவி! என் சட்டத்தைக் கொண்டே என்னைக் கட்டிப்போட்டுவிட்டாள். பால்தன் அண்ணன் சத்தமாகச் சிரித்தார். நான் முறைத்ததும் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே வரிசையைப் பார்க்கப் போய்விட்டார்.

"நான் சண்டைக்கு வரல அக்கா" என்றாள் யாஞ்சின். "பத்து நாள்ல கொரியா போறேன். என் வீட்டுக்காரரு அங்க எனக்கும் வேலை பாத்து வச்சிருக்காரு. போனா அஞ்சு வருஷமாவது ஆகும். நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு வரணும். உன் முழங்கையைத் தாங்கி வணங்கிட்டுத்தான் போகணும். கதவைத் திறப்பியா, அதை மட்டும் சொல்லு."

வெள்ளை மாதத்தின் முதல் நாள் இளையவர்கள் மூத்தவர்கள் வீடு தேடிப் போய், அவர்களுடைய முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி வணங்குவார்கள். அது இல்லாமல் எந்தச் சொந்தத்துக்கும் வருஷம் பிறக்காது. போன இரண்டு வருஷமும் அவள் வந்தாள். மரியாதைக்கான நீலப் பட்டுத் துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வேலிக் கதவுக்கு வெளியே நின்றாள். இரண்டு தடவையும் நான் திறக்கவில்லை. நாய் குரைத்து ஓய்ந்த பிறகு போய்விடுவாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். கோபம் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும். ஆனால் குளிர்காலத்துக் காரிடம் வேகம் செல்லாது. வந்ததும் தண்ணீரை அடித்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், கொஞ்ச நேரம் சும்மா நின்று சூடேற வேண்டும். தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம். முதலில் அடிப்பக்கம், சக்கர இடுக்கு, அங்கே அப்பியிருக்கிற உப்பும் கரித்தூளும். பிறகுதான் மேலே. கைப்பிரேக்கைப் பார்த்தேன். அவள் போட்டிருக்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கற்றுக்கொள்ளாமல் எப்படி இருப்பாள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே பித்தூன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். தேறிவிட்டாள், நாளைக்குக் காலையில் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவை அழைத்துவர யாஞ்சின் இந்தக் காரோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். முற்றத்தில் வைத்து அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை ஊற்றிக் காரைப் பளபளவென்று கழுவினாள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பூஸ் பிடிக்க உள்ளே வந்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே வாங்க என்றார்கள்.

நாலு கதவும் உறைந்து கிடந்தது. வெந்நீர் ஊற்றினோம். அது வழிந்த இடத்திலேயே கட்டியாகி இன்னும் இறுகியது. பூட்டுக்குள் சாவி உடைந்தது. பித்தூன் சாயங்காலம் என் வீடு இருக்கிற மேட்டுக்கு எந்த டாக்சி வரும்? கடைசியில் பின்கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்து, மாற்றுச் சாவியால் கிளப்பினால், பின்சக்கரம் இரண்டும் சுற்ற மாட்டேன் என்கிறது. பிரேக் உறைந்துவிட்டது. நடந்தும் ஓடியும் கீழே பெரிய சாலைக்கு வந்து, ஒரு லாரியில் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "பொண்ணுங்க வந்துட்டாங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்க" என்றாள் நர்ஸ்.

அம்மாவை வழியனுப்பிய அன்றைக்குச் சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும் நான் யாஞ்சினைப் பார்த்துக் கத்தினேன். "நீ அந்தக் காரைக் கழுவாம இருந்திருந்தா அம்மா தனியா செத்திருக்க மாட்டா!" அவள் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தைமார் எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தப் பார்வை இன்றைக்கு வரைக்கும் மாறவில்லை. அந்த இலையுதிர்காலத்தில்தான் நான் இந்தக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த ஊரில் இன்னொரு காரின் கதவு உறையக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

கழுவி முடித்துக் காரை அடுப்புப் பக்கம் தள்ளினோம். நாலு கதவையும் திறந்துபோட்டேன். யாஞ்சின் கேட்காமலே ஒரு துணியை எடுத்து, கதவு ஓரத்து ரப்பரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்படி இல்ல. மடிப்புக்குள்ள விரலை விட்டுத் துடை. தண்ணி அங்கதான் ஒளிஞ்சிருக்கும்" என்றேன். மூன்று வருஷத்தில் நான் அவளிடம் சாதாரணமாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"இப்படியா?"

"ம்."

நான் காற்றுக் குழாயால் பூட்டுத் துளைகளை ஊதினேன். பெட்ரோல் மூடியைத் துடைத்தேன். ரப்பரில் மசகு தடவினேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் போயிருந்தது. அவள் குவளையில் உப்புத் தேநீர் ஊற்றி என் பக்கத்தில் வைத்தாள். அம்மா ஊற்றுகிற மாதிரியே, விளிம்பு வரைக்கும். நான் குடிக்கவில்லை. அது ஆறிக்கொண்டே இருந்தது.

"அக்கா, நீ திறக்கலன்னாலும் நாளைக்கு வருவேன். அதையும் சொல்லிடறேன்."

"வந்து நாய்கிட்ட கடி வாங்கு."

"உன் நாய் ரெண்டு வருஷமா என்னைப் பாக்குது. இப்பல்லாம் வாலை ஆட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு காருக்கு அந்தப் பக்கம் போனேன். பதினெட்டு நிமிடம். இருபது. பால்தன் அண்ணன் உள்ளே வந்து, "துல்மா, நேரம் ஆச்சு. வெளிய பன்னெண்டாம் நம்பரு என் கழுத்தைப் பிடிக்கறான். எடுக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

நான் ரப்பர் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது.

"இன்னும் ஈரம் இருக்குண்ணே" என்றேன்.

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாமா, சொட்டுது" என்று சொல்லிவிட்டு, வெளியே போய்க் கதவையும் இழுத்துச் சாத்திக்கொண்டார். வரிசையில் யாரோ என்னைத் திட்டுவது உள்ளே வரைக்கும் கேட்டது.

இனிமேல் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. என் புருஷனிடம் சொன்னதில்லை. விளக்கேற்றும்போது அம்மா படத்திடம்கூடச் சொன்னதில்லை.

"யாஞ்சின்."

"என்னக்கா?"

"அன்னிக்கு உன்னைக் காரைக் கழுவச் சொன்னது நான்தானே."

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

"நீ வேண்டாம்னுதான் சொன்ன. குளிரா இருக்கு, அப்பறம் பாத்துக்கலாம்னு சொன்ன. நான்தான் விடல. பண்டிகையும் அதுவுமா அம்மாவை இந்தச் சேத்து வண்டியிலயா ஏத்துவ, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். வெந்நீர் காய்ச்சிக் கொடுத்ததும் நான்தான். அப்பறம் அத்தனை பேர் முன்னாடியும் உன் தலையில போட்டுட்டேன்."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சும் ஏன்டீ சொல்லல? ஒரு வார்த்தை, அத்தை கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் துணியை மடித்துக் கார்மேல் வைத்தாள். "சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? எனக்கு உன்னைத் தெரியாதா? சாப்பிடாம கொள்ளாம நீயும் படுத்திருப்ப. நான் ஒருத்தி படுத்தது போதாதா? கோபமா இருந்தா நீ எழுந்து நடமாடுவேன்னு தெரியும். அதான் என் மேல கோபமாவே இருன்னு விட்டுட்டேன்."

நான் பெரியவள். அவளைவிட ஒன்பது வயது பெரியவள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டி மேய்த்திருக்கிறேன். அவள் மூன்று வருஷம் என்னைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள், எனக்கே தெரியாமல். வெட்கமாக இருந்தது. அவமானமாக இருந்தது. ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

"நாளைக்குக் காலையில சீக்கிரமே வா" என்றேன். "அத்தைங்க எல்லாரையும் நான் வரச் சொல்றேன். அவங்க முன்னாடியே இதைச் சொல்லிடறேன்."

"அதெல்லாம் எதுக்குக்கா, பண்டிகை நாள்ல..."

"வாயை மூடு. கத்தினது அத்தனை பேர் முன்னாடிதானே? அப்போ இதையும் அங்கதான் சொல்லணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நாலு கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்தினேன். "போகும்போது நாலஞ்சு தடவை பிரேக்கை லேசா அழுத்து, சூடாகிக் காயும். கைப்பிரேக்கைத் தொடாத. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பாரு."

கொட்டகைக் கதவு மேலே போயிற்று. குளிர் புகை மாதிரி உள்ளே புரண்டு வந்தது. யாஞ்சின் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். பிரேக் விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது. நிலக்கரிச் சந்தை முனை வரைக்கும் போய்க் கார் நின்றது. பன்னிரண்டாம் நம்பர்காரன் உள்ளே வரத் துடிக்கிறான், ஹாரன் அடிக்கிறான். நான் வழியை மறித்துக்கொண்டு நடுவில் நின்றேன். குளிரில் கண் நீர் இமையிலேயே உறைந்தது.

கார் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கதவு விரியத் திறந்தது. அவள் இறங்கினாள். சுற்றிவந்து அடுத்த கதவைத் திறந்தாள். அதற்கடுத்தது. நாலாவதையும் திறந்துபோட்டுவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கைகளைத் தூக்கிக் கத்தினாள்.

"அக்கா! திறக்குது அக்கா! நாலும் திறக்குது!"

நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். பால்தன் அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டு, பன்னிரண்டாம் நம்பர்காரனை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.