மேசைக்கு மேலே இரண்டு வட்டம்

கணவன் பிரேபனின் கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் விபேகே ஏணியைச் சாப்பாட்டு மேசையருகே இழுத்துப் போட்டாள். பழைய பலகைகளைப் பெயர்த்துவிட்டதால் கூரைச் சட்டங்கள் விலா எலும்பு போலத் தெரிந்தன. அவற்றில் அவன் காகித வட்டங்களை ஒட்டிவைத்திருந்தான். ஒவ்வொரு வட்டமும் ஒரு ஸ்பீக்கர் வரப்போகும் இடம். இரண்டு வட்டங்கள் மேசைக்கு நேர் மேலே இருந்தன. அவற்றை உரித்தெடுத்து ஜன்னல் பக்கமாக ஒட்டினாள். இறங்கிப் பார்த்தாள். இன்னும் பக்கத்திலேயே இருப்பது போலிருந்தது. மறுபடி ஏறித் தள்ளி ஒட்டினாள். இறங்கி, காபிக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும் முன்பே அணைத்தாள். மறுபடி அண்ணாந்து பார்த்தாள்.

நாளைக் காலை தச்சர்கள் வருகிறார்கள். ஸ்பீக்கர் பெட்டிகளைச் சட்டங்களுக்கு நடுவே பொருத்தி, வீட்டின் ஈரம் மேலேறாதபடி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, பலகை அடித்து மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தத் தாளில் கத்தி வைக்க எந்தத் தச்சனும் சம்மதிக்க மாட்டான். குளிர்காலத்து ஈரம் புகுந்தால் கூரை மரமெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். எதுவானாலும் இன்றைக்கு முடிவாக வேண்டும்.

மேசைக்கு மேலே பாட்டு ஓடினால் தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன குளிர்காலத்தில் ஒருநாள் தூங்கி எழுந்தபோது இடது காது செத்துப்போயிருந்தது. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது காது நன்றாகத்தான் இருக்கிறது. அமைதியான அறையில், எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் எல்லாம் கேட்கும். ஆனால் பின்னால் மெல்லிசாக ஏதாவது ஓடினால் போதும், பேச்சு முழுக்கக் கஞ்சியாகக் குழைந்துவிடும். அப்போது வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டியதுதான். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து அந்த மேசையில் உட்காரும்போதும் அதே கதிதான்.

காது போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைத்தான் சொல்ல முடியவில்லை.

கடல்கழியின் ஓரத்தில் இருக்கும் அந்த ஊரில் பாதிப்பேர் ஸ்பீக்கர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஒரு வீட்டில் புது ஸ்பீக்கர் வந்தால் அக்கம்பக்கம் கேக்கோடு வந்துவிடும். காபி குடித்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்பார்கள். முடிவதற்குள் கண்ணைத் திறப்பது சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோவதைப் போல மரியாதைக்குறைவு. பாட்டு முடிந்ததும் எல்லாத் தலைகளும் விபேகேயின் பக்கம் திரும்பும். தொழிற்சாலையில் ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அறையில் பல வருஷம் உட்கார்ந்தவள் அவள். "விபேகே சொல்லிட்டா" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பெட்டிகளுக்குப் பாலிஷ் போட்ட பிரிவில் இருந்த பிரேபன் விருந்துகளில் பெருமையடித்துக்கொள்வான்: "என் காது என் பொண்டாட்டி தலையில இருக்கு."

கார் சத்தம் கேட்டது. பிரேபன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"வட்டத்தை யாரு மாத்தினது?"

"நான்தான்."

"ஏன்? மேசைக்கு மேலதான வேணும்? சாப்பிடறப்ப லேசா பாட்டு விழணும்னுதானே இவ்வளவும்."

"அங்க வெச்சா சத்தம் கண்ணாடியில பட்டுத் திரும்பும். கூசும்."

"ஜன்னல் பக்கம் தள்ளி வெச்சா கண்ணாடியில படாதா?"

விபேகே மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியாதா பிரேபன்?"

"நீ சொன்னா சரி," என்று அவன் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் அடையாளம் போட்டான். அவன் மறுத்துப் பேசியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது அவளுக்கு. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"டோர்கில்ல வரச் சொல்லியிருக்கேன்," என்றான் பிரேபன். "ஸ்பீக்கரைக் கம்புல தூக்கிப் புடிச்சு, நிஜமாவே கேட்டுப் பாத்துடலாம்."

"எதுக்கு? நான்தான் சொல்லிட்டேனே."

"நாளைக்கு மூடிட்டா அப்புறம் சாகற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். ஒரு பாட்டு கேக்கறதுல உனக்கென்ன?"

பக்கத்து வீட்டு டோர்கில் கதவைத் தட்டுகிற பழக்கமே இல்லாதவன். ஊரில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் செய்தித்தாள் வேண்டாம், அவன் போதும். உள்ளே வந்ததும் நேராக பிஸ்கட் டப்பாவைத்தான் திறந்தான்.

"என்ன ராணி, தீர்ப்பு சொல்ல ரெடியா? போன வாரம் என் தங்கச்சி வீட்டு ரேடியோ அபாரம்னு சொன்னியாமே. அது தகர டப்பா மாதிரி கத்துது. பெரிய மனசு உனக்கு."

விபேகே சிரித்து வைத்தாள்.

ஜன்னலைப் பார்த்தபடி அறை நடுவில் விபேகேக்கு நாற்காலி போட்டார்கள். இடது பக்கம் டோர்கில், வலது பக்கம் பிரேபன். இருவர் கையிலும் துடைப்பக் கம்பின் நுனியில் கட்டிய ஸ்பீக்கர், சட்டத்தைத் தொட்டபடி.

"கண்ணை மூடு," என்றான் பிரேபன்.

கண் திறந்திருந்தால் எப்படியாவது சமாளித்துவிடுவாள். இத்தனை மாதமும் அவன் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவந்தாள். இப்போது இருட்டு. அந்த இருட்டில் ஒரு பியானோ தொடங்கியது. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதால் சொல்லத் தெரியாது. கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கினாள். பிரேபன் எப்போதும் இடது பக்கத்தைத் தூக்கலாக வைப்பான். அவன் வழக்கமான தப்பு அது. அதை நம்பினாள்.

பாட்டு முடிந்தது.

"நல்லா இருக்கு," என்றாள். "இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கல். அதைக் குறைச்சிடு."

கண்ணைத் திறந்தாள். டோர்கில் தன் கையிலிருந்த வயர் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆம்ப்ளிஃபயரில் செருகப்படவே இல்லை. பிஸ்கட் தின்றதில் மறந்துவிட்டான்.

"ஹா!" என்று டோர்கில் தொடையில் தட்டினான். "பாத்தியா பிரேபன், நம்மளை எப்படி ஓட்டறான்னு! நான் வயர் செருகலைன்னு தெரிஞ்சுக்கிட்டே சொல்றா பாரு, தூக்கலாம் தூக்கல்!"

அவள் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். தப்பித்துக்கொள்ள டோர்கில் வாசலை அகலத் திறந்துவைத்திருந்தான். ஆனால் பிரேபன் சிரிக்கவில்லை. கம்பைத் தூக்கிப் பிடித்த கை அப்படியே நிற்க, அவளையே பார்த்தான். எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"ஓட்டலை," என்றாள். "இந்தக் காது கேக்கலை. குளிர்காலத்துலேர்ந்தே."

"எந்தக் காது?" என்றான் டோர்கில்.

"இடது. சுத்தமா கேக்காது. உன் தங்கச்சி ரேடியோவும் எனக்குச் சரியா கேக்கலை. போய் ஊர் முழுக்கச் சொல்லு. நீயே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்."

டோர்கில் கையிலிருந்த கம்பை மேசைமேல் வைத்தான். பிறகு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாக முணுமுணுத்தபடி வெளியேறினான். வேலியைத் தாண்டும் முன்பே அவன் கை ஃபோனை எடுத்ததை ஜன்னல் வழியே பார்த்தாள்.

பிரேபன் கம்பைச் சுவரில் சாய்த்தான்.

"படுக்கை ரூம் ஸ்பீக்கர்? ஈஸ்டருக்கு மாட்டினது? அருமைன்னியே."

"உன் மூஞ்சியைப் பாத்தேன். நீ சந்தோஷமா இருந்தே. அதான் அருமைன்னேன்."

"கண்ணாடியில பட்டுக் கூசும்ங்கறது?"

"பொய். மேசைக்கு மேல பாட்டு ஓடினா நீங்க பேசறது ஒண்ணுமே எனக்குப் புரியாது."

அவன் முகம் சிவந்தது. கோபம்தான் என்று அவள் நினைத்தாள். கோபமும் இருந்தது.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நீ எங்கூடப் பேசப் பிடிக்காம இருக்கேன்னு நெனச்சேன். நான் உன் இடது பக்கம் உக்காந்துதான சாப்பிடறேன்? எதைக் கேட்டாலும் ரொட்டில வெண்ணெய் தடவிக்கிட்டே இருப்பே. என்ன தப்பு பண்ணினோம்னு நான் யோசிக்காத நாள் இல்ல. சாப்பிடறப்ப ஒரே அமைதி, அதுவாவது தெரியாம இருக்கட்டும்னுதான் இத்தனை ஸ்பீக்கரும் வாங்கினேன்."

அவன் கேட்ட கேள்விகளில் எத்தனை அப்படி அந்தப் பக்கத்திலேயே விழுந்து கிடக்கின்றனவோ என்று விபேகே நினைத்தாள்.

பிரேபன் ஏணியில் ஏறினான். ஜன்னல் பக்கத்து வட்டங்களை உரித்தான். அவை கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. மேலேயே நின்றுகொண்டு கேட்டான்: "இப்ப இதுங்களை எங்கதான் வைக்கறது? தச்சன் காலைல வந்துடுவான்."

"கேட்டுப் பாத்து நீயே சொல்லு. உனக்கு ரெண்டு காது இருக்குல்ல?"

"நான் பாலிஷ் போட்டவன். எனக்கு என்ன தெரியும்?"

"மேசைக்கு மேல வேண்டாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவன் கொஞ்ச நேரம் சட்டங்களை மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அந்த இரண்டு வட்டங்களையும் உருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். மேசையருகே தன் வழக்கமான நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனுக்கு இடது பக்கம் வெறும் சுவர், அந்தப் பக்கமிருந்து யாரும் பேச வழியில்லை. எதிரே அறை முழுவதும், எல்லோர் முகமும் தெரியும் இடம். கல்யாணமான நாளிலிருந்து அங்கே வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

விபேகே போய் அவனருகே நின்றாள்.

"எந்திரி," என்றாள்.

"என்ன?"

"எந்திரி. இனிமே நான் இங்க உக்காரப் போறேன்."